மதிப்பாய்வுக்குப் போகாமலேயே திரும்பிய கட்டுரையை மீண்டும் ஆயத்தப்படுத்துவது எப்படி?

வாசகர் கேள்வி: உவர் மண்ணில் வளரும் செடிகளின் வேர்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் தக்காளி நாற்றுகளின் உப்புத் தாங்குதிறனை எவ்வாறு மாற்றுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. ஆய்வேட்டின் அந்த இயலைக் கட்டுரையாக்கித் தாவர உடலியங்கியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். எழுத்துரு, வரி இடைவெளி, மேற்கோள் பாணி என்று இதழின் வழிகாட்டியில் சொல்லப்பட்ட அனைத்தையும் அப்படியே பின்பற்றினேன். ஆயினும் ஒரு வாரத்துக்குள், "எங்கள் இதழின் பொருள் எல்லைக்குப் பொருந்தவில்லை, புதிய பங்களிப்பும் தெளிவாக இல்லை" என்ற இரண்டு வரி மடலோடு திரும்பி வந்துவிட்டது. காலம் குறைவாக இருப்பதால் அடுத்த முறை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா? ஆய்வகத் தலைவரின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கச் சொல்கிறார்கள், அது முறையா? ஆங்கில நடையைச் செம்மைப்படுத்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா? கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கட்டுரை விரைவில் திரும்பி வருவதில் இரண்டு வகை உண்டு. கோப்பு விடுபட்டுள்ளது, சுருக்கம் சொல்லெண்ணிக்கையை மீறியுள்ளது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இல்லை என்பன போன்ற காரணங்களுக்காக இதழின் அலுவலகம் திருப்பி அனுப்புவது ஒரு வகை. அது நிராகரிப்பு ஆகாது, குறையைச் சரிசெய்து அதே இதழுக்கு மறுபடியும் அனுப்பலாம். இதழாசிரியரே படித்துப் பார்த்து, மதிப்பாய்வாளர்களின் நேரத்தைக் கோரும் நிலையில் கட்டுரை இல்லை என்று முடிவு செய்வது மற்றொரு வகை. உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. முதல் வகையில் நீங்கள் சிக்காததற்குக் காரணம், வழிகாட்டியை நீங்கள் அவ்வளவு கவனமாகப் பின்பற்றியதுதான். அந்த உழைப்பு வீணாகவில்லை. ஆனால் இதழாசிரியரின் கேள்வி வேறாக இருந்தது.

உயிரியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு கட்டுரை வந்ததும் நாங்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் படிக்கிறோம். பிறகு முன்னுரையின் கடைசிப் பத்தி, படங்கள், முடிவுரை ஆகியவற்றுக்குப் போகிறோம். இத்துறையில் இதுவரை தெரிந்தது என்ன, இக்கட்டுரையால் புதிதாகத் தெரியவருவது என்ன, அதைத் தெரிந்துகொள்ள எங்கள் இதழின் வாசகர் ஏன் விரும்புவார் என்ற மூன்றுக்கும் அந்தப் பக்கங்களிலேயே விடை கிடைக்க வேண்டும். விளக்கம் சொல்ல நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள். ஆகவே, நீங்கள் இல்லாத இடத்தில் உங்களுக்காகப் பதில் சொல்லும்படி கட்டுரையை ஆயத்தப்படுத்துவதே உங்கள் முதல் வேலை. எழுத்துருவும் வரி இடைவெளியும் அதற்குப் பின்னால் வருபவை. சொல்லப்போனால், முதல் சமர்ப்பிப்பை எந்த வடிவமைப்பிலும் ஏற்றுக்கொள்ளும் பதிப்பகங்கள் இப்போது பல உள்ளன.

நீங்கள் அனுப்பிய கட்டுரையின் சுருக்கம் இவ்வாறு அமைந்திருக்கிறது: உவர் மண் உலகளாவிய சிக்கல், வேர்மண்டல பாக்டீரியாக்கள் பயன்மிக்கவை, 42 பாக்டீரியாக்கள் பிரித்தெடுக்கப்பட்டு அவற்றின் உயிர்வேதியியல் பண்புகள் ஆராயப்பட்டன, தேர்ந்தெடுத்த சிலவற்றின் விளைவு தக்காளி நாற்றுகளில் சோதிக்கப்பட்டது, முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன. இதில் பொய் ஏதும் இல்லை, ஆனால் நீங்கள் கண்டறிந்தது என்ன என்பதும் இல்லை. கட்டுரையின் 14-ஆம் பக்கத்தில், ஒரு அட்டவணைக்குக் கீழே, போகிற போக்கில் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறீர்கள்: ஏசிசி டிஅமினேஸ் நொதியே இல்லாத ஒரு பாக்டீரியாவும் நாற்றுகளைக் காத்திருக்கிறது, அந்த நாற்றுகளின் இலைகளில் சோடியம் குறைவாக இருந்திருக்கிறது. அந்த நொதி, எத்திலீன் உருவாவதற்கு முந்தைய சேர்மத்தைச் சிதைத்து, நெருக்கடிக்கு ஆளான செடியில் எத்திலீன் பெருகாமல் தடுக்கிறது என்பதும், உப்புத் தாங்குதிறனுக்கு அது உதவுகிறது என்பதும் துறையில் நன்கு அறியப்பட்டவை. அந்த வழியில்லாமலேயே பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்றால், உங்கள் கட்டுரையின் மையம் அதுதான். மையத்தை 14-ஆம் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை முதல் பக்கத்தில் வைத்ததால்தான் "புதிய பங்களிப்பு தெளிவாக இல்லை" என்ற வரி வந்திருக்கிறது.

ஆய்வேட்டின் இயலைக் கட்டுரையாக்கும் பலருக்கும் இது நேர்கிறது. ஆய்வேடு, நீங்கள் துறையைக் கற்றிருக்கிறீர்கள், முறைகளைக் கையாளத் தெரிந்தவர் என்று தேர்வாளர்களுக்குக் காட்டுவதற்கான ஆவணம். அதில் செய்த வேலை அனைத்தும் இடம்பெற வேண்டும். கட்டுரையோ ஒரு கூற்றை முன்வைத்து, அதற்கான சான்றை அடுக்கி, அக்கூற்று எந்த எல்லை வரை செல்லும் என்று சொல்வது. எனவே மீண்டும் எழுதத் தொடங்கும் முன், கட்டுரையின் கூற்றை ஒரே வாக்கியத்தில், வினைமுற்றோடு எழுதிப் பாருங்கள். "பாக்டீரியாக்களின் பங்கு பற்றிய ஆய்வு" என்பது கூற்றாகாது. "ஏசிசி டிஅமினேஸ் இல்லாத ஒரு வேர்மண்டல பாக்டீரியா, இலையில் சோடியம் சேர்வதைக் குறைத்துத் தக்காளி நாற்றுகளை உப்பிலிருந்து காக்கிறது" என்பது கூற்று. இதை எழுதியவுடனேயே அடுத்த ஐயமும் எழ வேண்டும்: பாக்டீரியா சோடியத்தைக் குறைத்ததால்தான் நாற்று பிழைத்ததா, அல்லது நாற்று வேறு காரணத்தால் நன்றாக இருந்ததால் சோடியம் குறைவாகச் சேர்ந்ததா? உங்கள் தரவு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால், "குறைத்துக் காக்கிறது" என்று எழுதாமல், "காக்கிறது; அந்த நாற்றுகளின் இலைகளில் சோடியமும் குறைவாக உள்ளது" என்று எழுதுங்கள். சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் எழுதப்பட்ட கூற்றை மதிப்பாய்வாளர் மதிக்கிறார். மிகைப்படுத்திய கூற்றைக் கண்டால், நல்ல தரவின் மீதும் அவருக்கு ஐயம் வந்துவிடும்.

கூற்று தெளிவானால் இதழைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும். உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து இனங்காண்பதைப் பற்றியே இருந்தது. நீங்கள் அனுப்பியதோ தாவர உடலியங்கியல் இதழுக்கு. பொருள் எல்லை பற்றிய வரிக்குக் காரணம் இதுவே. சோடியம் பற்றிய கூற்றை மையமாக்கினால் தாவர உடலியங்கியல் இதழ் பொருத்தமானதாகிவிடும். பிரித்தெடுத்த 42 பாக்டீரியாக்களின் பன்மையை மையமாக்கினால் நுண்ணுயிர்ச் சூழலியல் இதழை நாட வேண்டும். உங்கள் மேற்கோள் பட்டியலில் அடிக்கடி வரும் இதழ்கள் எவை என்று எண்ணிப் பார்ப்பது, உங்கள் வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு நம்பகமான அறிகுறி. பிறகு அந்த இதழ்களின் நோக்கம் பற்றிய பக்கத்தையும் கடந்த இரண்டு ஆண்டுகளின் உள்ளடக்கத்தையும் படியுங்கள். தாக்கக் காரணி என்னும் எண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை மட்டுமே அது சொல்கிறது, உங்கள் கட்டுரையின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சில நாட்களில் வெளியீடு உறுதி என்று தாமாகவே மின்னஞ்சல் அனுப்பி, கட்டணத்தைப் பற்றிக் கடைசியில் பேசும் இதழ்களிடம் விழிப்பாக இருங்கள். உண்மையான இதழின் பெயரையும் அதன் பன்னாட்டுத் தொடர் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் உள்ளனர். எனவே எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழானால் 2003 முதல் இயங்கிவரும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் அதன் பதிவைப் பார்த்து, அங்கிருந்தே இதழின் தளத்துக்குச் செல்லுங்கள்.

இனி எழுதும் வேலை. தலைப்பிலிருந்து தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டு போகாமல், படங்களிலிருந்தும் அட்டவணைகளிலிருந்தும் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. கூற்றை நிறுவத் தேவையான படங்களை மட்டும் ஒரு மேசையில் பரப்பி வைத்து, அவற்றை மட்டுமே பார்க்கும் ஒரு சக ஆய்வாளருக்கு வாதம் புரிகிறதா என்று கேளுங்கள். உங்கள் கட்டுரையில் 11 படங்கள் உள்ளன. அவற்றில் ஏழு, பாக்டீரியாக்களின் உயிர்வேதியியல் சோதனை முடிவுகள். அவை துணைக் கோப்புக்குப் போகலாம். ஒவ்வொரு படத்தின் விளக்கக் குறிப்பும் உரையைப் பார்க்காமலேயே புரிய வேண்டும்: எந்தச் செடி, எத்தனை நாள் வயது, உப்பின் செறிவு எவ்வளவு, பிழைக்கோடுகள் எதைக் காட்டுகின்றன, மாதிரிகளின் எண்ணிக்கை என்ன என்பனவெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் படங்கள் எதிலும் பிழைக்கோடு திட்டவிலக்கமா திட்டப்பிழையா என்று சொல்லப்படவில்லை. முதலாவது தரவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும், இரண்டாவது சராசரியை எவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டிருக்கிறோம் என்பதையும் காட்டுபவை. அவற்றைப் பிரித்துச் சொல்லாத படத்தை வாசகரால் படிக்க இயலாது. மாதிரிகள் குறைவாக இருக்கும்போது, பட்டை வரைபடத்துக்குப் பதிலாக ஒவ்வொரு அளவீட்டையும் புள்ளியாகக் காட்டுங்கள்.

படங்களைப் பற்றி இன்னும் சில சொற்கள். பெரும்பாலான இதழ்களில் பக்கத்தின் ஒற்றை நெடுவரிசையின் அகலம் 85 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி அச்சிட்டுப் பார்த்து, அச்சுக்கோடுகளில் உள்ள எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று சோதியுங்கள். ஒளிப்படங்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கேட்பார்கள். கோட்டுப் படங்களுக்கு இன்னும் அதிகம். விரிதாளில் வரைந்த படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டினால் அந்தத் தெளிவு கிடைக்காது. எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத திசையன் கோப்பாக முதலிலேயே சேமியுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதைத் தவிர்த்தால், நிறங்களைப் பிரித்தறிய இயலாத வாசகர்களும் படிக்கலாம். டிஎன்ஏ, புரதம் போன்றவற்றைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படங்களில் ஒளிர்வை மாற்றினால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். வெவ்வேறு ஜெல்களின் பட்டைகளை அருகருகே வைத்தால், இடையில் கோடிட்டுக் காட்டிக் குறிப்பிலும் சொல்ல வேண்டும். மூலப் படங்களை அழித்துவிடாமல் வைத்திருங்கள். பல இதழ்கள் அவற்றைக் கேட்கின்றன.

முறையியல் பகுதியில்தான் உங்கள் கட்டுரை மதிப்பாய்வில் தடுமாறியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் மூன்று தொட்டிகள் வைத்து, தொட்டிக்குப் பத்து நாற்றுகள் வளர்த்து, மாதிரி எண்ணிக்கை 30 என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்டீரியாக் கரைசலை ஊற்றியது தொட்டிக்கு. ஒரு தொட்டியின் பத்து நாற்றுகளும் ஒரே மண்ணையும் ஒரே நீரையும் ஒரே இடத்து வெளிச்சத்தையும் பகிர்ந்துகொண்டவை. எனவே ஒன்றையொன்று சாராத மாதிரிகள் மூன்றுதான். இதையே 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் போலி மறுசெய்கை என்று விளக்கிக் காட்டினார். இன்றும் மதிப்பாய்வாளர்கள் முதலில் தேடும் குறைகளில் ஒன்று இது. ஒவ்வொரு தொட்டிக்கும் சராசரி எடுத்து மூன்று மதிப்புகளைக் கொண்டு பகுப்பாய்வு செய்யுங்கள். அல்லது தொட்டிகளுக்கிடையேயான வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும்படி, தொட்டியைச் சமவாய்ப்பு விளைவாகக் கொண்ட கலப்புப் புள்ளியியல் மாதிரியுருவைப் பயன்படுத்துங்கள். சோதனை முழுவதையும் வேறொரு பருவத்தில் மீண்டும் செய்திருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கட்டுரையில் அதைக் காணோம். அதைச் சேருங்கள். புள்ளியியல் முக்கியத்துவம் சற்றுக் குறைந்தாலும் உண்மையான எண்ணிக்கையோடு நிற்கும் முடிவு, மிகைப்படுத்திய எண்ணிக்கையோடு நிற்கும் முடிவைவிட வலிமையானது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இத்தகைய முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பைக் குறிக்கும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்று மட்டும் எழுதாமல், சரியான மதிப்பையும் வேறுபாட்டின் அளவையும் நம்பக இடைவெளியையும் கொடுங்கள்.

வேறொரு ஆய்வகத்தில் உள்ளவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும் என்பதே முறையியலுக்கான அளவுகோல். மையவிலக்கியை நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சுழலியின் ஆரத்தைப் பொறுத்து அதே சுற்றில் விசை மாறுவதால், புவியீர்ப்பின் மடங்காக விசையைத் தர வேண்டும். உவர் மண் என்று சொன்னால் போதாது. நீரால் நிறைவுற்ற மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நிறைவுச் சாறின் மின்கடத்துத்திறன் 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு எத்தனை டெசிசீமென்ஸ் என்று கொடுங்கள், ஏனெனில் 4-க்கு மேல் இருந்தால் உவர் மண் என்பதே வழக்கமான வரையறை. பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசைகளை ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவகத்தில் சேர்த்து அணுகல் எண்களைப் பெறுங்கள்; இந்த எண்கள் இல்லாமல் பல இதழ்கள் கட்டுரையை வெளியிடுவதில்லை. மையமான அந்த ஒரு பாக்டீரியாவைப் பொது நுண்ணுயிர்ச் சேகரம் ஒன்றில் ஒப்படைப்பதும் நல்லது. அளவீட்டுத் தரவை ஸெனோடோ, டிரையட் போன்ற களஞ்சியங்களில் இட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும். "வேண்டுவோருக்குத் தரப்படும்" என்ற வரியைவிட அது பன்மடங்கு மேலானது. துணைக் கோப்பாக விரிதாளைத் தரும்போது மரபணுப் பெயர்களைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். செப்ட்2 போன்ற பெயர்களை எக்செல் தானாகவே செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும் சிக்கல் அவ்வளவு பரவியிருந்ததால், மனித மரபணுப் பெயர்களை நிர்ணயிக்கும் குழு 2020-இல் அத்தகைய பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

முன்னுரையைச் சுருக்குங்கள். உவர் மண்ணின் உலகப் பரப்பில் தொடங்கி நான்கு பக்கம் போகத் தேவையில்லை. தெரிந்தது, தெரியாதது, அதற்காக நீங்கள் செய்தது என்ற மூன்று அடிகளில் கடைசிப் பத்திக்கு வந்துவிடலாம். விவாதப் பகுதி முடிவுகளைத் திரும்பச் சொல்வதாக இல்லாமல், உங்கள் விளக்கத்துக்கு மாற்றாக உள்ள விளக்கங்களை எடுத்துப் பேசுவதாக அமையட்டும். ஆய்வின் வரம்புகளை நீங்களே சொல்லிவிடுங்கள்: இது நாற்றுப் பருவம் மட்டுமே, தொட்டிச் சோதனை மட்டுமே, ஒரே தக்காளி இரகம் மட்டுமே.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். பின்னணிக்கு ஒரு வாக்கியம், தெரியாதது எது என்பதற்கு ஒன்று, செய்தது பற்றி ஒன்றிரண்டு, பிறகு எண்களோடு முடிவுகள், இறுதியில் அதன் பொருள் என்ற அளவில் 200 முதல் 250 சொற்களுக்குள் அடங்கிவிடும். துல்லியமான வரம்பை இதழே சொல்லும். தரவுத்தளங்களில் தேடுபவருக்குப் பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே கிடைக்கும் என்பதால், அதில் "முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்ற வாக்கியத்துக்கு இடமே கிடையாது. தலைப்பும் அப்படியே. "உவர் மண் வேர்மண்டல பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தலும் பண்பறிதலும் தக்காளியில் அவற்றின் விளைவும்" என்ற இப்போதைய தலைப்பு செய்த வேலையைச் சொல்கிறது. "ஏசிசி டிஅமினேஸ் இல்லாத வேர்மண்டல பாக்டீரியா தக்காளி நாற்றுகளின் இலைச் சோடியத்தைக் குறைக்கிறது" என்பது கண்டதைச் சொல்கிறது, தேடுபவரின் சொற்களும் அதில் உள்ளன. நான் இதழாசிரியராக இருந்து இரண்டாவது தலைப்பைப் பார்த்தால், கோப்பைத் திறந்து படிப்பேன்.

மேற்கோள்களைப் பொறுத்தவரை, பாணியை ஸொடெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். இதழ் மாறினாலும் ஒரு சொடுக்கில் பாணி மாறிவிடும். மென்பொருள் செய்ய முடியாதது ஒன்றுண்டு: நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று பார்ப்பது. வேறொருவரின் முன்னுரையிலிருந்து மேற்கோளை எடுத்து, மூலத்தைத் திறக்காமலேயே பட்டியலில் சேர்க்கும் வழக்கத்தால் தவறுகள் கட்டுரைக்குக் கட்டுரை பரவுகின்றன. மூலத்தை எழுதியவரே உங்கள் மதிப்பாய்வாளராக வருவதற்கும் வாய்ப்பு மிகுதி. பட்டியலில் உள்ள எதுவும் பின்னர் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையாக இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆய்வகத் தலைவரின் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்து, பிற துறை இதழ்கள் பலவும் பின்பற்றும் நிபந்தனைகள் நான்கு: ஆய்வின் திட்டமிடலிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது கருத்துநிலையில் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், ஆய்வின் நேர்மைக்குப் பொறுப்பேற்றல். நான்கும் நிறைவேற வேண்டும். நிதி பெற்றுத் தந்ததும், இடம் கொடுத்ததும், பதவியில் இருப்பதும் மட்டுமே ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. அவற்றுக்கு உரிய இடம் நன்றியுரை. அதே வேளையில், பங்காற்றிய ஒருவருக்குக் கட்டுரையைத் திருத்தும் வாய்ப்பைக் கொடுக்காமல் விலக்கிவைப்பதும் முறையன்று. இதை உங்கள் நெறியாளரோடு பேசும்போது, "சேர்க்கலாமா, கூடாதா" என்று தொடங்குவதைவிட, கிரெடிட் என்னும் பங்களிப்பு வகைப்பாட்டின் 14 பங்குகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயர் வரும் என்று கேட்பது எளிது. பல இதழ்கள் அந்த விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பதால் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் உரையாடல் நடக்கும். முடிவை அனுப்பும் முன்னரே எடுத்துவிடுங்கள். சமர்ப்பித்த பிறகு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எல்லா ஆசிரியர்களின் எழுத்துமூல ஒப்புதலை இதழ் கேட்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழியோடுதான் நீங்கள் சமர்ப்பிக்கிறீர்கள். அதை மீறினால் இரண்டு இதழ்களும் நிராகரிக்கலாம், உங்கள் நிறுவனத்துக்கும் தெரிவிக்கலாம். ஊதியமின்றி நேரம் செலவிடும் மதிப்பாய்வாளர்களுக்கு இழைக்கும் அநீதியாகவும் அது ஆகிவிடும். அவசரம் என்றால் அதற்கு நேர்மையான வழிகள் உண்டு. மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் பயோஆர்க்சிவ் போன்ற முன்வெளியீட்டுத் தளத்தில் கட்டுரையை இட்டால் தேதியோடு உங்கள் கண்டுபிடிப்பு பதிவாகிவிடும். உயிரியல் இதழ்களில் பெரும்பாலானவை அதை ஏற்கின்றன, ஆயினும் நீங்கள் தேர்ந்தெடுத்த இதழின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதழின் முடிவு வெகுவாகத் தாமதமானால், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, உறுதிப்படுத்தும் பதில் கிடைத்த பின் அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஆய்வேடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருப்பதைப் பெரும்பாலான இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகக் கருதுவதில்லை. ஆனால் ஒப்புமை கண்டறியும் மென்பொருள் அதை எடுத்துக் காட்டும் என்பதால், முகப்புக் கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை மொழி திருத்தப் பயன்படுத்துவதைப் பெரும்பாலான பதிப்பகங்கள் தடுப்பதில்லை. அத்தகைய கருவி ஆசிரியராக முடியாது, ஏனெனில் அதனால் பொறுப்பேற்க இயலாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவும் மேற்சொன்ன மருத்துவ இதழ்க் குழுவும் 2023-இல் தெளிவுபடுத்தின. பயன்பாட்டை வெளிப்படுத்த வேண்டும் என்பதும் அவற்றின் நிலைப்பாடு. எதை, எந்த இடத்தில் வெளிப்படுத்துவது என்பது இதழுக்கு இதழ் மாறும். என் கவலை வேறு. கருவி வாக்கியத்தை மெருகேற்றும்போது "தொடர்புடையது" என்பதைக் "காரணமாகிறது" என்று மாற்றிவிடும், "இருக்கலாம்" என்பதை எடுத்துவிடும். நீங்கள் சான்றுக்கு ஏற்ப அளந்து எழுதிய கூற்று அங்கே குலைந்துபோகும். மேற்கோள்களைக் கேட்டால், இல்லாத கட்டுரைகளை உண்மைபோல எழுதித் தரவும் செய்யும். எனவே பத்தி பத்தியாகக் கொடுத்து, மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, அதன் பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில நடை எளிமையாக இருப்பதற்காக எந்த இதழாசிரியரும் கட்டுரையைத் திருப்பி அனுப்புவதில்லை. பொருள் புரியாதபோதுதான் அனுப்புகிறோம்.

முகப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். சுருக்கத்தை அதில் படியெடுக்காமல், கூற்றை ஒரு வாக்கியத்திலும் இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்பதை இரண்டு வாக்கியங்களிலும் சொல்லுங்கள். மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்களோடு சேர்ந்து அண்மையில் கட்டுரை எழுதியவர்களையும் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களையும் தவிர்த்து, நிறுவன மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களைக் கொடுங்கள். இருபுறமும் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழானால், உரையில் மட்டுமன்றிக் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாக் கோப்புகளையும் ஏற்றிய பின் சமர்ப்பிப்புத் தளம் அவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கித் தரும். அதற்கு ஒப்புதல் தரும் முன் முழுவதையும் படியுங்கள். இதழாசிரியரும் மதிப்பாய்வாளர்களும் பார்க்கப்போவது அந்தக் கோப்பைத்தான்; கிரேக்க எழுத்துகள் கட்டங்களாக மாறியிருப்பதும், ஒரு படம் விடுபட்டிருப்பதும், திருத்தக் குறிப்புகள் ஓரத்தில் அப்படியே நிற்பதும் அங்கேதான் தெரியவரும்.